பாக்கோவில் இரவு தங்குங்கள்

பாக்கோ தேசியப் பூங்காவை அரை நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்று எந்த முகவராவது சொன்னால் நம்பாதீர்கள். பூங்காவுக்குப் பக்கத்து நகரமான, சரவாக்கின் தலைநகர் கூச்சிங்கில் எங்களிடம் ஒருவர் அப்படித்தான் சொன்னார். காலையில் படகேறி, மூக்குக் குரங்கைப் படம் பிடித்து, பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மூன்று மணிக்குள் நகரத்துக்குத் திரும்பி, பூனை அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாமாம். அவர் கேட்ட தொகையோ, நாமே பஸ் பிடித்துப் போனால் ஆகும் செலவைவிடப் பல மடங்கு. கேட்டுக்கொண்டோம், சிரித்துக்கொண்டோம், வெளியே வந்துவிட்டோம்.

நான் ஓய்வுபெற்ற மிஸ்ஸி, அதாவது தாதி. அரசு மருத்துவமனையில் இரவு ஷிப்ட் பார்த்தே இரண்டு முழங்காலையும் தேய்த்துக்கொண்டவள். என் வீட்டுக்காரர் எங்கே போனாலும் முதலில் உட்கார நாற்காலி தேடுகிறவர். எங்களோடு வந்த தங்கை மகள் மட்டும்தான் வாலிபம். அவள் முன்னால் ஓடி ஓடித் திரும்பி வந்து "பெரியம்மா, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆகவே இது மலையேறுகிறவர்கள் எழுதும் மதிப்புரை இல்லை. கிள்ளானில் நடைப்பயிற்சிக்குப் போகும் அளவுக்குக் கால் ஒத்துழைக்கும் குடும்பத்தினர் பாக்கோவில் என்ன பார்க்கலாம், எதற்குச் சிரமப்படலாம், எதை விட்டுவிடலாம் என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

சரவாக்கின் மிகப் பழைய தேசியப் பூங்கா இது. 1957-இல் அறிவித்தார்கள், மலேசியா என்ற நாடு உருவாக அப்போது இன்னும் 6 ஆண்டுகள் இருந்தன. பரப்பு 27 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பகாங் பக்கத்துத் தமான் நெகாரா 4,343 சதுர கிலோமீட்டர் என்பதை நினைத்தால் இது அதன் ஒரு மூலைக்குக்கூட வராது. ஆனால் இந்தச் சின்ன முனைக்குள் கடற்கரைச் செடிகள், பாறைச் சரிவுச் செடிகள், அலையாத்திக் காடு, சதுப்புக் காடு, பெருமரக் காடு, குட்டைமரக் காடு, புல்லும் புதருமான வெட்டவெளி என்று ஏழு வகைத் தாவரச் சூழல் அடங்கியிருக்கிறது. ஒரு மணி நேரம் நடந்தால் மூன்று வகைக் காட்டைக் கடந்துவிடுகிறோம். காட்டுக்குள் நாள் கணக்கில் நடக்க முடியாத என்னைப் போன்றவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தீபகற்ப மலேசியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல். கூச்சிங் விமான நிலையத்தில் குடிநுழைவுச் சோதனை உண்டு. கடப்பிதழ் தேவையில்லை, மைகாட் என்ற அடையாள அட்டை போதும். எங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டுத் தந்தார்கள்; தந்தால் அதைத் தொலைக்கக் கூடாது. சொந்த நாட்டுக்குள் எதற்கு இதெல்லாம் என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மலேசியா உருவானபோது சரவாக் கேட்டு வாங்கிய உரிமைகளில் இதுவும் ஒன்று. வரிசையும் வேகமாகத்தான் நகர்ந்தது.

நகரத்திலிருந்து பூங்கா ஏறக்குறைய 37 கிலோமீட்டர். ஆனால் சாலை பூங்காவரை போகாது. கம்போங் பாக்கோ என்ற மீனவக் கிராமத்தில் முடிந்துவிடும். அங்கே முனையத்தில் நுழைவுச் சீட்டு வாங்கிப் பெயர் எழுதிவிட்டு, படகுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். மைகாட் காட்டினால் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவர் கட்டுவதைவிடக் குறைவு. நகரத்திலிருந்து பஸ் இருக்கிறது. நாங்கள் வாடகைக் காரில் போனோம். போவது சுலபம். திரும்பும்போது அந்தக் கிராமத்து முனையில் கார் கிடைப்பதுதான் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பஸ் நேரத்தைப் போகும்போதே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படகு சிறியது, நாலைந்து பேருக்கானது. ஓட்டுபவர்கள் கிராமத்து மலாய்க்காரர்கள். உயிர்காப்பு அங்கியைக் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது திரும்ப வேண்டும்?" நீங்கள் ஒரு நேரம் சொல்வீர்கள். அவர் தண்ணீரைப் பார்த்துவிட்டு வேறொரு நேரம் சொல்வார். அவர் சொல்வதுதான் நடக்கும். இங்கே கடிகாரத்தைவிட ஓதத்துக்கு, கடல் ஏறி இறங்குவதற்கு, அதிகாரம் அதிகம். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே கடல் மட்டம் பல மீட்டர் மாறுகிறது. நீர் நிறைந்திருக்கும்போது படகு பூங்காவின் படகுத்துறையிலேயே போய் நிற்கும்; பட்டுப்புடவை கட்டிக்கொண்டும் இறங்கலாம். வற்றியிருந்தால் கடற்கரைக்குக் கணிசமான தூரத்திலேயே நிறுத்தி, "இறங்குங்கள்" என்பார்கள். முழங்காலளவு நீரில், காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு, பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். எங்களுக்கு அதுதான் வாய்த்தது. கரையேறியதும் முதலில் கண்ணில் பட்டது "முதலை, ஜாக்கிரதை" என்ற பலகை. என் வீட்டுக்காரர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, நாங்கள் நடந்துவந்த தண்ணீரை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

முதலை உண்மைதான். உவர்நீர் முதலைகள் இந்த ஆற்று முகங்களில் வாழ்கின்றன. ஆற்றிலும் தலைமையகக் கடற்கரையிலும் குளிப்பதை மறந்துவிடுங்கள். மற்றக் கடற்கரைகளுக்குப் போனாலும், இறங்கலாமா என்று அன்றைக்குப் பணியில் இருப்பவரைக் கேட்டபிறகே முடிவெடுங்கள். நான் கால் நனைத்ததோடு சரி.

படகுப் பயணம் அரை மணிக்குள் முடிந்துவிடும், ஆனால் அதை வெறும் போக்குவரத்து என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஆறு அகலமாகிக் கடலில் கலக்கும் இடத்தில் இடப்பக்கம் வளைகுடாவுக்கு அப்பால் சந்துபோங் மலை எழும்பி நிற்கும், 810 மீட்டர். அந்த மலையடிவாரத்தில்தான் 1855-இல் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் மழைக்காலத்தில் தங்கி, உயிரினங்கள் எப்படித் தோன்றுகின்றன என்பதைப் பற்றிய தம் முதல் முக்கியமான கட்டுரையை எழுதினார். டார்வினின் நூல் வெளிவருவதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பு. வளைகுடாவில் ஐராவதி ஓங்கில்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்கென்றே சந்துபோங் பக்கத்திலிருந்து படகுகள் போகின்றன. எங்களுக்கு ஒரு வால் நுனிகூடத் தென்படவில்லை.

தலைமையகம் இருக்கும் விரிகுடாவின் பெயர் தெலோக் அசாம். இங்கே வரவேற்புக் குழுவில் முதலில் வருவது தாடிப் பன்றி. மூக்குக்குமேல் முறுக்கிய மஞ்சள் தாடியோடு, யாரையும் பொருட்படுத்தாமல், சிற்றுண்டிச்சாலைக்கும் தங்குமிடத்துக்கும் நடுவே மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். குட்டிகளோடு வரும் தாய்ப்பன்றிக்கு மட்டும் வழிவிட்டு நில்லுங்கள். இரண்டாவதாக வருவது நீள்வால் குரங்கு. பத்துமலைப் படிக்கட்டில் பார்க்கும் அதே கூட்டம்தான், ஆனால் இங்கே தொழிலை இன்னும் நன்றாகக் கற்றிருக்கிறது. சிற்றுண்டிச்சாலைக் கூரையின் விளிம்பில் ஒன்று அமர்ந்து கவனிக்கும். மேசையில் யார் தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகிறார்கள் என்பதை அது மற்றவற்றுக்கு எப்படிச் சொல்கிறதோ தெரியாது, மறுகணம் இன்னொன்று வேறு திசையிலிருந்து பாயும். ஓர் ஐரோப்பியப் பெண்மணியின் தட்டிலிருந்த பொரித்த முட்டை அப்படித்தான் மரமேறியது. பிளாஸ்டிக் பை சரசரக்கும் ஓசையே அவற்றுக்கு அழைப்பு. தின்பண்டத்தை மூடிய பைக்குள் வையுங்கள். அறைக் கதவையும் சன்னலையும் தாழிடாமல் குளிக்கப் போகாதீர்கள். பாவம் என்று வாழைப்பழம் நீட்டவே கூடாது. குரங்குக் கடி எப்படியிருக்கும், அதற்கு எத்தனை ஊசி போட வேண்டும் என்பதைப் பணிக்காலத்தில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை தலைமையகம் சந்தைக்கடையாக இருக்கும். நாள் பயணிகள் எல்லோரும் வருவதும் அப்போது, திரும்புவதும் அப்போது. வெயில் உச்சியில் இருக்கும் அந்த நேரத்தில் விலங்குகள் நிழலில் ஒடுங்கிக் கிடக்கும். கடைசிப் படகுகள் போனபிறகுதான் பூங்கா வாயைத் திறக்கிறது. இரவு தங்குங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

நான்கரை மணியளவில் படகுத்துறையிலிருந்து வரும் பலகைப் பாதையில் போய் நின்றோம். இருபுறமும் அலையாத்தி மரங்கள். நீர் வற்றிய சேற்றில் கண்ணைத் தலைக்குமேல் வைத்திருக்கும் சேற்று மீன்கள் செட்டையை ஊன்றி நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு கை மட்டும் பெரிதாக வளர்ந்த சிறு நண்டுகள், நீலமும் ஆரஞ்சுமாக, அந்தக் கையை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிட்டன. பெண் நண்டை அழைக்கத்தான் இத்தனை ஆட்டமும் என்று தங்கை மகள் அறிவிப்புப் பலகையைப் பார்த்துச் சொன்னாள். அப்போது தலைக்குமேல் கிளை முறியும் சத்தம்.

மூக்குக் குரங்கு நேர்த்தியாகத் தாவுவதில்லை. இருபது கிலோ ஆண் குரங்கு ஒரு மரத்திலிருந்து தன்னை அப்படியே எறிந்துகொள்கிறது. அடுத்த மரத்தில் எது கையில் சிக்குகிறதோ அதைப் பிடித்துக்கொள்கிறது. கிளைகள் அலறுகின்றன. பெண்கள் அதில் பாதி எடைதான், மூக்கும் சிறியது, நுனி மேல்நோக்கித் திரும்பியிருக்கும். ஆணின் மூக்கு வாய்க்குக் கீழே தொங்குகிறது. இலை தின்னும்போது அதை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டதைப் பார்த்தேன். ஓர் ஆண், நாலைந்து பெண்கள், குட்டிகள். எங்களைப் பார்த்தும் பார்க்காதவர்களாக இளந்தளிர்களைப் பறித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். இடையிடையே அந்தப் பெரியவர் மூக்கால் ஓர் உறுமல் விட்டார். மூக்கடைப்போடு யாரோ அதட்டும் குரல் அது.

அந்தத் தொந்தி கொழுப்பினால் வந்தது இல்லை. பல அறைகள் கொண்ட இரைப்பை அது. உள்ளே நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கவைத்துச் செரிக்க உதவுகின்றன. பழுத்த இனிப்புப் பழம் உள்ளே போனால் நொதித்தல் எல்லை மீறிக் காற்று அடைத்துவிடும். குரங்கு செத்தும் போகலாம். அதனால் காய்களையும் தளிர்களையுமே நாடுகின்றன. தின்றதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து மெல்வதைக்கூட ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குரங்கினத்தில் வேறெதுவும் அப்படி அசைபோட்டு அறியப்படவில்லை. போர்னியோ தீவைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இவை வாழ்வதில்லை. விரல்களுக்கிடையே சவ்வு உண்டு, நன்றாக நீந்தவும் செய்யும். வாழைப்பழம் நீட்டுகிற பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பதற்கு இந்த வயிற்றுக் கதையைவிட நல்ல காரணம் வேண்டுமா?

அந்தப் பலகைப் பாதையிலேயே இருட்டும்வரை நின்றோம். என் வீட்டுக்காரர் நாற்காலி கேட்கவே இல்லை. இதற்கு மேல் பாராட்ட எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் தெலோக் டெலிமா, தெலோக் பாக்கு என்ற இரண்டு குறுந்தடங்களிலும் மூக்குக் குரங்கு பார்க்கலாம் என்றார்கள். தூரம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் பாக்கோவின் ஒரு கிலோமீட்டரை கிள்ளான் பூங்காவின் ஒரு கிலோமீட்டராக நினைக்கக் கூடாது. வேர்களைப் பிடித்து ஏறி, பாறையில் உட்கார்ந்து சறுக்கி இறங்க வேண்டியிருக்கும். தெலோக் பாக்கு போய்த் திரும்ப எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது பிடித்தது. அங்கே இலைகள் மட்டும் நிறைய அசைந்தன. குரங்கு காட்சி தரவில்லை. வழியில் வெள்ளி முடி மந்திகளைப் பார்த்தோம். சாம்பல் நிறத் தாயின் மடியில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் குட்டி. வளர வளர அந்த நிறம் போய்விடுமாம். நீள்வால் குரங்குகளோடு ஒப்பிட்டால் இவை பரம சாதுக்கள்.

இரவு நடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரவு உணவுக்குப் பிறகு பூங்கா வழிகாட்டி ஒருவர் சிறு குழுவாக அழைத்துச் செல்கிறார். அதற்குத் தனிக் கட்டணம். வந்திறங்கியதுமே அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். மழை பெய்தால் இல்லை. எங்களுக்கு வந்தவர் சரவாக்கின் பூர்வகுடிகளில் ஒன்றான இபான் இனத்து இளைஞர், பேச்சுக் குறைவு, கண் கூர்மை. அவர் டார்ச்சை ஒரு மரத்தின் மேல் நிறுத்தினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நமக்குத் தெரியாவிட்டால் நம் கண்ணில்தான் குறை. இலை நரம்போடு ஒட்டிய குச்சிப்பூச்சி. கிளையில் தலையைச் செருகித் தூங்கிக்கொண்டிருந்த மீன்கொத்தி; நாங்கள் அதன் கீழே கிசுகிசுத்தும் அது விழிக்கவில்லை. டார்ச்சுகளை எல்லாம் அணைக்கச் சொல்லி, கண் பழகும்வரை நிற்கவைத்து, உளுத்த மரத்தில் பச்சையாக ஒளிவிடும் காளானைக் காட்டினார்.

இவற்றுக்கெல்லாம் மேல், கொலுகோ. பறக்கும் லெமூர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அது லெமூரும் இல்லை, உண்மையில் பறப்பதும் இல்லை. கழுத்திலிருந்து விரல் நுனிகள் வழியாக வால் நுனிவரை ஒரே தோல் விரிப்பு. பகலில் தலைமையகத்து மரம் ஒன்றில் பட்டையோடு பட்டையாக ஒட்டியிருந்த அதை நாங்கள் பலமுறை கடந்து போயிருந்தோம். இப்போது அது மரத்தில் சிறு சிறு தாவலாக மேலே ஏறி, நின்று, திடீரென்று தன்னை விரித்துக்கொண்டு எங்கள் தலைக்குமேல் சத்தமே இல்லாமல் மிதந்து போய் அடுத்த மரத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரே மிதப்பில் 100 மீட்டருக்கு மேலும் போகக் கூடியது என்றார் வழிகாட்டி. தங்கை மகள் படமெடுக்க மறந்து நின்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பெற்றோருக்குத் தெரியும்.

திரும்பும் வழியில், நாங்கள் தினமும் நடந்த பாதையோரக் கிளை ஒன்றில் பச்சைக் குழிவிரியனையும் காட்டினார். முக்கோணத் தலை, பச்சை உடம்பில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள், அது பெண். ஆண் மெல்லியதாக, வெறும் பச்சையாக இருக்குமாம். ஒரே கிளையில் நாள் கணக்கில் அசையாமல் கிடந்து இரைக்குக் காத்திருக்கும். அதன் வேலை அது, நம் வேலை நமக்கு. பாதையைவிட்டு விலகாமல், மரத்தைப் பிடிக்குமுன் எதைப் பிடிக்கிறோம் என்று பார்த்தால் போதும். பாதையில் நடந்து முடிக்கும்வரை என் கையை என் வீட்டுக்காரர் விடவில்லை. காதலா பயமா என்று கேட்டேன், பதில் வரவில்லை.

நீண்ட தடங்களில் எல்லோரும் பரிந்துரைப்பது லிந்தாங். 5.8 கிலோமீட்டர் வட்டம், மரங்களில் பூசிய சிவப்பு அடையாளத்தைத் தொடர்ந்து போக வேண்டும். நல்ல கால் உள்ளவர்களுக்கு மூன்று நான்கு மணி நேரம். கிளம்புமுன் அலுவலகப் பதிவேட்டில் பெயரும் தடமும் எழுத வேண்டும், திரும்பியதும் மறக்காமல் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் இருட்டில் உங்களைத் தேடி ஒருவர் காட்டுக்குள் நடப்பார். நான் வட்டத்தை முடிக்கவில்லை. ஏற்றம் முடிந்து மேட்டுநிலம் தொடங்கும் இடம்வரை போய், அங்கே நேரம் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். முழங்கால் வலி உள்ளவர்கள் அதையே செய்யலாம். பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது.

ஏனென்றால் அந்த மேட்டில் காடு சட்டென்று மாறுகிறது. அதுவரை அண்ணாந்து பார்த்த மரங்கள் போய், தோளுயர மரங்கள், வெள்ளை மணல், வெந்த பாறை. இபான் மக்கள் நெல் விளையாது என்று ஒதுக்கிய மண் இது. புளிப்பேறிய, சத்தில்லாத மணல். ஓடையில் ஓடும் தண்ணீர் பால் சேர்க்காத தேநீரான தே ஓ நிறத்தில் இருக்கிறது, உதிர்ந்த இலைகளின் சாயம் இறங்கியதால். மண்ணில் கிடைக்காததை இங்குள்ள செடிகள் வேறு வழியில் தேடிக்கொள்கின்றன. குடுவைச் செடிகள் பூச்சியை வழுக்கி உள்ளே விழவைத்துக் கரைத்துக் குடிக்கின்றன. பாதையோரத்தில் புதரில் தொங்கும் மெல்லிய குடுவை ஒரு வகை. தரையில் கொத்துக் கொத்தாக, மூடி பின்னால் சாய்ந்து வாய் திறந்திருக்கும் உருண்டைக் குடுவை இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகை பூச்சியை மட்டும் நம்பியிருப்பதில்லை. மேலிருந்து விழும் காய்ந்த இலைகளையும் ஊறவைத்துச் சத்தெடுக்கிறது. அசைவத்திலிருந்து பாதி சைவத்துக்கு மாறியது என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்குக் குடுவையைவிட வியப்பாக இருந்தது எறும்புச் செடி. மரக்கிளையில் ஒட்டி வளரும் முள் படர்ந்த ஒரு கிழங்கு; பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, பெரும்பாலோர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார்கள். கிழங்குக்குள் அறை அறையாகக் குடைவுகள், அவற்றில் எறும்புக் கூட்டம். எறும்புகள் குடியிருக்க இடம் பெறுகின்றன. அவை விட்டுச்செல்லும் கழிவையும் குப்பையையும் செடி உறிஞ்சி உணவாக்கிக்கொள்கிறது. வாடகையை எருவாக வாங்கும் வீட்டுக்காரி.

மேட்டில் நிழல் கிடையாது. காலை எட்டு மணிக்குமுன் கிளம்பாதவர்கள் ஏறவே வேண்டாம் என்பேன். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஒரு 100 பிளஸ் பானம். வெயிலில் மயக்கம் போட்டவர்களை நாள்தோறும் பார்த்துப் பழகியவள் சொல்கிறேன், தாகம் எடுத்தபிறகு குடிக்கலாம் என்று இருக்காதீர்கள்.

தங்கை மகள் தனியாகக் கிளம்பிய ஒரு ஜோடியோடு சேர்ந்து தெலோக் பாண்டான் கெச்சில் போய்வந்தாள். 2.6 கிலோமீட்டர், செங்குத்துப் பாறை விளிம்பிலிருந்து கீழே வெள்ளை மணல் விரிகுடா தெரியும் அந்த இடம்தான் பாக்கோவின் எல்லா விளம்பரப் படங்களிலும் வருவது. அதற்கு அருகில் அப்போது கடலுக்குள் தனியே நின்ற மணற்பாறைத் தூண், படமெடுத்த நாகமாகத் தெரிந்த பாறை, அதைப் பார்க்க நாங்கள் இருவரும் படகில் போய் அவளையும் ஏற்றிக்கொண்டோம். படகுக்காரரிடம் முன்பே பேசி வைத்தால் இப்படி ஒருவழி நடை, ஒருவழி படகு என்று அமைத்துக்கொள்ளலாம். முழங்கால்காரர்களுக்கு இது பெரிய வரம். அலை அடியை அரித்துக்கொண்டே இருந்தது, தலை கனமாக மேலே நின்றது. அந்தத் தூண் பிறகு இடிந்து விழுந்துவிட்டது. கரைப் பாறை முழுதும் இரும்புத் துரு வரைந்த வளையங்கள், செம்மண், ஆரஞ்சு, சாம்பல் நிறங்களில். படகிலிருந்து பார்த்தால்தான் இந்தக் கரை முழுவதும் ஒரே மணற்பாறையை அலை குடைந்த வேலை என்பது விளங்குகிறது. நேரம் இல்லாதவர்கள் நடையைக் குறைத்தாலும் இந்தப் படகுச் சுற்றைக் குறைக்க வேண்டாம்.

தங்குமிடத்தையும் உணவையும் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தனி வீடுகளும் பலர் சேர்ந்து தங்கும் விடுதியும் இருக்கின்றன, கூடாரம் போடவும் இடம் உண்டு. ஐந்து நட்சத்திரம் எதிர்பார்ப்பவர்கள் சந்துபோங் கடற்கரை ஓய்வில்லங்களில் தங்கிக்கொள்ளுங்கள். சிற்றுண்டிச்சாலையில் சோறு, காய்கறி, கோழி, முட்டை எனத் தட்டில் எடுத்துக்கொண்டு அதற்கேற்ப விலை கொடுக்க வேண்டும். எனக்கு வெள்ளிக்கிழமை சைவம். பெலாச்சான் என்ற இறால் விழுது போடாத காய்கறி வேண்டும் என்று காலையிலேயே சமையல்காரம்மாவிடம் சொல்லிவைத்தேன். மதியம் எனக்கென்று தனியாக ஒரு தட்டுக் கங்கோங் கீரை வதக்கி மூடி வைத்திருந்தார். குரங்கிடமிருந்து காப்பாற்ற மூடியின் மேல் ஒரு கல். பாக்கோவில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சாப்பாடு அதுதான். பிஸ்கட், வேர்க்கடலை, மாலையில் குடிக்க மூன்று-இன்-ஒன் காப்பி ஆகியவற்றை நகரத்திலேயே வாங்கிப் போவது நல்லது. கொசுவுக்கும் மணற்பூச்சிக்கும் முழுக்கைச் சட்டையும் கோடாலித் தைலமும். தைலம் முழங்காலுக்கும் ஆகும்.

கூச்சிங்கில் கூடுதலாக நேரம் இருந்தால், பூனை அருங்காட்சியகத்தைவிட மாத்தாங் மலைப் பக்கம் போகலாம். சரவாக்கை ஆண்ட ஆங்கிலேயக் குடும்பமான புரூக் ராஜாக்கள் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நம்மவர்கள் அந்தக் காட்டுக்குள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அது வேறொரு நாளின் ஏற்றம். எங்கள் முழங்கால்கள் அதற்கு ஒப்பவில்லை.

போகும் காலம்: நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வடகிழக்குப் பருவக்காற்று. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. போய் மாட்டிக்கொள்ளவும் நேரலாம், போகாமலே திரும்பவும் நேரலாம். மற்ற மாதங்களில் பிற்பகல் மழை வந்தாலும் சமாளிக்கலாம். அறைகளை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், பள்ளி விடுமுறையில் சீக்கிரம் நிரம்பிவிடும். பதிவு செய்யுமுன் அந்தத் தேதிக்கான ஓத அட்டவணையைப் பாருங்கள். காலையில் ஏற்றமும் திரும்பும் நாளில் ஏற்றமும் வரும்படி அமைந்தால் முதலைப் பலகைக்கு எதிரே காலணியைக் கையில் பிடித்து நிற்க வேண்டியிருக்காது. நடக்க முடியாத மூத்தவர்களையோ சக்கர நாற்காலியில் வருபவர்களையோ அழைத்துப்போகும் எண்ணம் இருந்தால், வற்றத்தில் இறங்கும் வாய்ப்பு இருக்கும்வரை நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள், கையில் எந்தத் தின்பண்டமும் கொடுக்காமல்.